ஜபத்துக்கு எந்த மந்திரத்தை எடுத்துக்கொள்வது?

நீங்கள் எழுதியதன் சாரம் இது: பிறந்த வீட்டில் திருச்செந்தூர் முருகன் வழிபாடு, புகுந்த வீட்டில் பெருமாள். மாமியார் ‘ஓம் நமோ நாராயணாய’ என்ற எட்டெழுத்தைச் சொல்லச் சொல்கிறார். ஜோதிடர் ஒருவர் உங்கள் ராசிக்கு ஏற்றதென்று ‘ஹ்ரீம்’, ‘க்லீம்’ கலந்த மந்திரம் ஒன்றை எழுதிக் கொடுத்திருக்கிறார். காணொளிகளைக் கேட்டுக் காயத்ரியும் மஹாமிருத்யுஞ்ஜயமும் மனப்பாடமாகிவிட்டன. காலையில் எல்லாவற்றையும் சொல்லி முடிப்பதற்குள் வேலைக்கு நேரமாகிவிடுகிறது. மனமும் எதிலும் நிற்பதில்லை. இவற்றுள் எதை வைத்துக்கொள்வது, தீட்சை, அதாவது குருவின் முறையான உபதேசம், இல்லாமல் சொல்லலாமா, உச்சரிப்புத் தவறினால் கெடுதல் உண்டா, மாதவிலக்கு நாட்களில் என்ன செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ‘ஓம் சரவணபவ’ என்பதையோ, அதுவும் அதிகமென்று தோன்றினால் ‘முருகா’ என்ற திருநாமத்தையோ எடுத்துக்கொண்டு, மற்றவற்றை ஜபத்திலிருந்து விட்டுவிடுங்கள். இதற்குக் காரணம் முருகன் உயர்ந்தவர், பெருமாள் தாழ்ந்தவர் என்பதன்று. காயத்ரிக்கு ஆற்றல் குறைவு என்பதுமன்று. குழந்தைக்குக் காய்ச்சல் கண்ட இரவில் வாயில் தானாக வந்தது ‘முருகா’தான் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். மந்திரத் தேர்வில் கேட்க வேண்டிய முதல் கேள்விக்கு அதிலேயே விடை வந்துவிட்டது.

இன்று பெரும்பாலோர் மந்திரத்தைப் பலனிலிருந்து தொடங்கித் தேடுகிறார்கள்: கடன் தீர ஒன்று, வேலை கிடைக்க ஒன்று, பயம் நீங்க ஒன்று. இப்படிப் பலன் வேண்டிச் செய்யும் காமிய ஜபத்துக்கும் சாத்திரத்தில் இடம் உண்டு என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் அது குறிப்பிட்ட காரியத்துக்காக, குறிப்பிட்ட கணக்கோடு, தெரிந்தவர் மேற்பார்வையில் செய்து முடிக்கப்படுவது. நீங்கள் கேட்பதோ ஆயுள் முழுவதும் உடன் வரவேண்டிய நித்திய ஜபம். அதற்குப் பலனைப் பார்த்துத் தேர்ந்தால், பலன் வந்ததும் மந்திரம் நின்றுவிடும். வராவிட்டால் இன்னொன்றைத் தேடத் தோன்றும். ஆகவே இஷ்ட தெய்வம் முதலில், அந்தத் தெய்வத்துக்குரிய மந்திரம் அடுத்து, அந்த மந்திரத்தைச் சொல்லத் தமக்குள்ள அதிகாரம், அதாவது தகுதி, அதற்கும் அடுத்து என்ற வரிசையிலேயே பெரியவர்கள் இதைப் பார்த்திருக்கிறார்கள். கீதையின் 7ஆம் அத்தியாயத்தில் கண்ணன், எந்த பக்தன் எந்த வடிவத்தைச் சிரத்தையோடு அர்ச்சிக்க விரும்புகிறானோ அவனுக்கு அந்த வடிவத்திலேயே அசையாத சிரத்தையை நான் அளிக்கிறேன் என்கிறார். இருக்கின்ற சிரத்தையைப் பெயர்த்து வேறிடத்தில் நடும்படி அவர் சொல்லவில்லை.

குலதெய்வமும் இஷ்டதெய்வமும் ஒன்றாகவே இருக்கவேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. மணமான பின் குலதெய்வ வழிபாடு, முடியிறக்குதல், பொங்கல் முதலியவை புகுந்த வீட்டு முறைப்படி நடப்பது நம் வழக்கம். அது குடும்பத்தின் கடமை. இஷ்டம் என்பது தனி மனிதருடைய உறவு. திருமணத்தால் அது மாறுவதில்லை. வீட்டுப் பூசையில் பெருமாளுக்கு விளக்கேற்றித் துளசி சாத்திவிட்டு, ஜபத்துக்கு உட்காரும்போது முருகனை நினைப்பதில் எந்த முரணும் இல்லை.

சரவணபவ என்னும் ஆறெழுத்து தமிழ்நாட்டில் தீட்சை பெறாதவர்களும் நெடுங்காலமாகச் சொல்லிவருவது. அதைவிட எளியது பெயர் மட்டும். கந்தரலங்காரத்தில் அருணகிரிநாதர் ‘மொழிக்குத் துணை முருகா எனும் நாமங்கள்’ என்று பாடியபோது ‘ஹ்ரீம்’ போன்ற பீஜ எழுத்தோ, மந்திரம் சொல்லி உடலுறுப்புகளைத் தொடும் நியாசமோ சேர்க்கவில்லை. பெயர் மட்டும் போதுமா என்று தயங்குவோர் பலர். நாமம் தீட்சை பெறாதவர்களுக்கான குறைந்த சரக்கு என்ற எண்ணமே தவறு. கும்பகோணத்தை அடுத்த கோவிந்தபுரத்தில் அதிஷ்டானம் (சமாதி) கொண்டுள்ள போதேந்திர சரஸ்வதி சுவாமிகள், காஞ்சி மடத்தின் பீடாதிபதியாக இருந்தும், நாம ஜபமே கலியில் போதுமான சாதனம் என்று நூல்கள் எழுதி நிலைநாட்டினார். தியாகராஜ சுவாமிகள் ராம நாமத்தை 96 கோடி முறை ஜபித்தார் என்பது வழிவழியாகச் சொல்லப்படுவது.

இனி ஜோதிடர் கொடுத்ததைப் பற்றி. ஒருவருக்கும் ஒரு மந்திரத்துக்கும் பொருத்தம் பார்ப்பது மந்திர சாத்திரத்தில் உள்ளதுதான். கட்டங்களில் எழுத்துகளை நிரப்பி, ஜபிப்பவருடைய பெயரின் முதலெழுத்திலிருந்து மந்திரத்தின் முதலெழுத்து வரை எண்ணி, அது சித்தமா, சாத்தியமா, சுசித்தமா, அரியா என்று பார்ப்பார்கள். ‘அரி’ என்று வந்தால் அந்த மந்திரம் அவருக்குப் பகை. நட்சத்திரத்தையும் ராசியையும் வைத்துப் பார்க்கும் சக்கரங்களும் உண்டு. ஆனால் இவை ஒவ்வொருவருக்கும் தனித்தனியே, மந்திரத்தைக் கொடுக்கப்போகும் குரு பார்க்கவேண்டியவை. கனவில் கிடைத்த மந்திரம், நரசிம்மர் முதலிய சில தெய்வங்களின் மந்திரங்கள் போன்றவற்றுக்கு இந்தச் சோதனையே வேண்டாம் என்று அந்தச் சாத்திரமே விலக்கும் தருகிறது. மேஷத்துக்கு இது, ரிஷபத்துக்கு அது என்று பன்னிரண்டு வரியில் உலவும் பட்டியலில் இந்தக் கணக்கு எதுவும் இல்லை. பல கோடி மக்களைப் பன்னிரண்டு வரிசையில் நிறுத்தி ஆளுக்கொரு சீட்டுக் கொடுப்பதுதான் அது.

அதிலும் பீஜ மந்திரம் என்பதால் கூடுதல் எச்சரிக்கை வேண்டும். பாலா, பஞ்சதசி, ஷோடசி, நவாக்ஷரி போன்ற சாக்த மந்திரங்கள் குருமுகமாகப் பெற்றே ஜபிக்கப்படவேண்டும் என்பதில் அந்தச் சம்பிரதாயத்தவரிடையே கருத்து வேறுபாடு இல்லை. அவற்றுக்கு ரிஷி, சந்தஸ், தேவதை, பீஜம், சக்தி, கீலகம் என்ற அங்கங்கள் உண்டு. கரநியாசம், அங்கநியாசம், தியானம் உண்டு. தொடங்கியபின் விடக்கூடாத நியமங்களும் உண்டு. இவற்றையெல்லாம் நீக்கிவிட்டு ‘க்லீம் என்று நூற்றெட்டு’ என்று சீட்டில் எழுதிக் கொடுப்பதை எப்படி ஏற்பது? இதுவரை சொல்லிவிட்டீர்களே என்று அஞ்சவும் வேண்டாம். நிறுத்திவிடுங்கள், பரிகாரம் என்று யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். அம்பாளிடம் ஈடுபாடு இருந்தால் அபிராமி அந்தாதி இருக்கிறது. லலிதா சஹஸ்ரநாமத்தையும் இன்று வீடுகளில் எத்தனையோ பேர் பாராயணம் செய்கிறார்கள். பாராயணம் வேறு, மூலமந்திர ஜபம் வேறு.

காயத்ரியும் மிருத்யுஞ்ஜயமும் வேறு வகை. இவை வேத மந்திரங்கள். முன்னது ரிக் வேதம் 3ஆம் மண்டலத்தில் விசுவாமித்திரருடையது. பின்னது 7ஆம் மண்டலத்தில் வசிஷ்டருடையது. காயத்ரி உபநயனத்தில் உபதேசிக்கப்பட்டு, சந்தியாவந்தனத்தின் உறுப்பாக ஜபிக்கப்படுவது மரபு. ஆரிய சமாஜமும், ஸ்ரீராம் சர்மா ஆசாரியர் தொடங்கிய காயத்ரி பரிவாரும் அதை ஆண், பெண், சாதி வேறுபாடின்றி எல்லோருக்கும் உரியதாக்கின. அந்த வழியை ஏற்றவர்கள் அந்த வழியில் முறையாகக் கற்றுச் சொல்வதை நான் குறை சொல்லமாட்டேன். உங்களிடம் நான் கேட்பது ஒன்றுதான்: சவிதா என்னும் சூரிய தேவனை நோக்கிய அந்தப் பிரார்த்தனை உங்களுக்கு நெருக்கமாக இருப்பதால் சொல்கிறீர்களா, அல்லது பின்னணி இசையோடு இனிமையாக இருந்ததால் ஒட்டிக்கொண்டதா? இரண்டாவது என்றால் கேட்டு மகிழுங்கள், ஜபத்தில் சேர்க்கவேண்டாம். முருகனுக்கும் காயத்ரி உண்டு. ‘தத்புருஷாய வித்மஹே மஹாஸேனாய தீமஹி’ என்று தொடங்கும் அது மஹாநாராயண உபநிஷத்திலேயே இருக்கிறது. அதே வார்ப்பில் இன்று ஒவ்வொரு தெய்வத்துக்கும் கிரகத்துக்கும் எழுதப்பட்டுப் புழங்கும் ‘காயத்ரிகள்’ அனைத்தும் அந்தப் பழைமை உடையவை அல்ல.

உச்சரிப்பைப் பற்றிய உங்கள் அச்சம் இந்த இரண்டு மந்திரங்களைப் பொறுத்தவரை நியாயமானது. வேத மந்திரங்களுக்கு உதாத்தம், அனுதாத்தம், ஸ்வரிதம் என்ற ஏற்ற இறக்க ஸ்வரங்கள் உண்டு. ஸ்வரம் பிழைத்தால் என்ன ஆகும் என்பதற்குத் துவஷ்டாவின் கதையைச் சொல்வார்கள்: இந்திரனைக் கொல்லும் மகன் வேண்டி வேள்வி செய்தவன் ‘இந்த்ரசத்ரு’ என்ற சொல்லில் ஸ்வரத்தை இடம் மாற்றிச் சொல்ல, பிறந்த விருத்திரன் இந்திரனால் கொல்லப்பட்டான். இதன் மேல் நமக்கு எழுத்துச் சிக்கல் வேறு. காயத்ரியில் ‘பர்கோ’ என்பதன் முதலெழுத்து ப வர்க்கத்தின் நான்காவது ஒலி. ‘தீமஹி’யின் முதலெழுத்து த வர்க்கத்தின் நான்காவது ஒலி. தமிழில் ஒரே ப, ஒரே த. அதனால்தான் பழைய ஸ்தோத்திரப் பதிப்புகளில் எழுத்தை ஒட்டி 2, 3, 4 என்று சிற்றெண்களை அச்சிட்டிருப்பார்கள். அவற்றைப் பார்த்துப் படிக்கத் தெரியாதவர்கள் செவிவழியாகத்தான் கற்கவேண்டும். மிருத்யுஞ்ஜயத்தின் கடைசிப் பகுதியை ‘மாமிர்தாத்’ என்று ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறார்கள். அங்கே ‘மா’ தனியாகவும் ‘அம்ருதாத்’ தனியாகவும் பொருள் தருகின்றன. வெள்ளரிப்பழம் காம்பிலிருந்து விடுபடுவது போல மரணத்திலிருந்து விடுபடவேண்டும், அமிர்த நிலையிலிருந்து அன்று என்பதே பிரார்த்தனை. நோயாளியின் அருகில் அமர்ந்து இதைச் சொல்வது நல்லதுதான். மருத்துவர் கொடுத்த மருந்தும் வேளாவேளைக்கு உள்ளே போகவேண்டும்.

நாம ஜபத்துக்கு இந்த அச்சம் தேவையில்லை. துவஷ்டாவின் கதைக்கு எதிர்ப்புறத்தில் நிற்பது, வேடனாக இருந்த வால்மீகி ‘மரா மரா’ என்று தலைகீழாகச் சொல்லியே கரையேறிய கதை. இரண்டையும் ஒரே மரபு ஏன் காத்துவருகிறது என்றால், இரண்டும் வெவ்வேறு வகை மந்திரங்களைப் பற்றியவை. ‘சரவணபவ’ என்பதில் ஒரு தமிழருக்கு நாக்குப் புரளும் இடம் எது? ‘பவ’ என்பதில் ப அழுந்தி வரவேண்டும், அவ்வளவுதான்.

தீட்சை வேண்டுமா என்ற கேள்விக்கு வருகிறேன். மேலே சொன்ன எளிய ஜபத்துக்கு வேண்டியதில்லை. ஆனால் கிடைத்தால் அது பெரும்பேறு. சைவத்தில் சமயம், விசேடம், நிருவாணம் என்று தீட்சை மூன்று படி. சமய தீட்சையில் ‘நமசிவாய’ என்ற ஐந்தெழுத்து உபதேசிக்கப்படும். திருவாவடுதுறை, தருமபுரம் போன்ற ஆதீனங்களின் வழியே பெறுபவர்கள் இன்றும் உண்டு. அதே சமயம் திருமுறை ஆசிரியர்கள் ஐந்தெழுத்தைப் பொத்தி வைக்கவில்லை. சம்பந்தர் ‘காதலாகிக் கசிந்து கண்ணீர் மல்கி’ ஓதுவாரை நன்னெறிக்கு உய்ப்பது என்றார். கல்லில் கட்டிக் கடலில் தள்ளப்பட்டபோது அப்பர் பாடியது ‘நற்றுணையாவது நமச்சிவாயவே’. சுந்தரர் திருப்பாண்டிக்கொடுமுடியில், தான் மறந்தாலும் தன் நா சொல்லும் என்றார். ஸ்ரீருத்ரத்தின் 8ஆம் அனுவாகத்தில் ‘நம: சிவாய ச’ என்று வேதத்தின் நடுவிலும், தேவாரமாகத் தெருவிலும் ஒரே சமயத்தில் ஒலிக்கும் மந்திரம் அது. ‘நமசிவாய’ தூலம், ‘சிவாயநம’ சூக்குமம் என்று பகுத்து, எந்த நிலையில் எதை ஓதுவது என்பதைக் குருவின் பொறுப்பில் விட்டார்கள். சிவனை இஷ்டமாகக் கொண்டு இதைப் படிப்பவர் ‘நமசிவாய’ என்றே தொடங்கலாம். திருமூலரின் திருமந்திரம் என்ற நூல் சொல்லும் ‘சிவசிவ’ இன்னும் எளிது.

பெருமாள் வழியில் ‘ஓம் நமோ நாராயணாய’ என்ற எட்டெழுத்து திருமந்திரம் எனப்படும். அதோடு துவயம், சரம சுலோகம் என்ற வேறு இரண்டு மந்திரங்களும் சேர்ந்து ரகசியங்கள் மூன்று. இராமானுசரைத் திருக்கோட்டியூர் நம்பி 18 முறை நடக்கவிட்டுப் பிறகே உபதேசித்தார் என்பதும், அதை அவர் அடியார்களைக் கூட்டி வெளியிட்டார் என்பதும் எல்லோரும் அறிந்தவை. இந்தக் கதையைக் காட்டி ‘பார்த்தீர்களா, குருவே வேண்டாம்’ என்பவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள்: கூடியிருந்தவர்கள் இராமானுசர் வாயிலாகத்தானே பெற்றார்கள்? ஆசாரியர் இல்லாமலாகவில்லை, வாசல் அகலமாயிற்று. முறையாகப் பெறாதவர்கள் ‘நாராயணா’ என்ற நாமத்தைச் சொல்வதற்கு எந்தத் தடையும் இல்லை. திருமங்கையாழ்வார் ‘நலந்தரும் சொல்’ என்று கண்டுகொண்டது அந்த நாமத்தைத்தான்.

கிராமத் தெய்வங்களை இஷ்டமாகக் கொண்டவர்கள் தங்களுக்கு மந்திரமே இல்லை என்று நினைத்துக்கொள்கிறார்கள். அய்யனாருக்கோ கருப்பருக்கோ அங்காளம்மனுக்கோ பெயரோடு ‘போற்றி’ சேர்த்தால் ஜபத்துக்குப் போதும். அதை விட்டுவிட்டு வடமொழியில் நீளமாக ஒன்றைத் தேடி அலைவதில் எனக்கு உடன்பாடில்லை.

நடைமுறையைச் சொல்கிறேன். ஒரு மாலைக்கு 108 மணி. ருத்திராட்சம் முருகனுக்குப் பொருந்தும். துளசி மணி பெருமாளுக்கு. நடுவிரல் மேல் மாலையை வைத்துக் கட்டைவிரலால் தள்ளுங்கள். ஆட்காட்டி விரல் படக்கூடாது. மாலையின் முனையிலுள்ள மேரு மணி வந்ததும் அதைத் தாண்டாமல் மாலையைத் திருப்பிக்கொள்ளவேண்டும். ‘ஓம் சரவணபவ’ ஒரு மாலை, எழுத்தை விழுங்காமல் சொன்னால் ஐந்தாறு நிமிடம் ஆகும். காலையில் ஒரு மாலை, இரவு படுக்கப்போகுமுன் ஒரு மாலை என்று ஒரு மண்டலம், அதாவது 48 நாட்கள், கூட்டாமலும் குறைக்காமலும் செய்து பாருங்கள். முதல் உற்சாகத்தில் பத்து மாலை என்று தொடங்குபவர்கள்தாம் மூன்றாம் வாரத்தில் காணாமல் போகிறவர்கள்.

வாய்விட்டுச் சொல்வது வாசிகம், உதடு மட்டும் அசைவது உபாம்சு, மனத்துக்குள்ளேயே சொல்வது மானசம். வேள்வியைக் காட்டிலும் ஜபம் பத்து மடங்கு, உபாம்சு நூறு மடங்கு, மானசம் ஆயிரம் மடங்கு என்று மனுஸ்மிருதி சொல்வதைப் படித்துவிட்டு எடுத்த எடுப்பிலேயே மானசத்துக்குப் போய்விடாதீர்கள். மனம் ஓடுகிறது என்று குறைப்படும் நிலையில் வாய்விட்டுச் சொல்வதே பிடிமானம். ஓசை அடங்குவது தானாக நடக்கும். ஒரு நோட்டில் எழுதும் லிகித ஜபமும் அலையும் மனத்துக்கு நல்ல மருந்து. கோடிக்கணக்கில் ஜபம் செய்து முடித்த காவ்யகண்ட கணபதி முனிவர், தவம் என்றால் என்னவென்று தமக்கு இன்னும் விளங்கவில்லை என்று 1907இல் திருவண்ணாமலையில் ரமணரிடம் வந்து கேட்டபோது, மந்திரத்தைச் சொல்லும்போது அதன் ஒலி எங்கிருந்து எழுகிறது என்று கவனித்தால் மனம் அங்கே ஒடுங்கும், அதுவே தவம் என்று விடை வந்தது. எண்ணிக்கை பழகியபின் இதை முயன்று பார்க்கலாம். தொடக்கத்தில் எண்ணிக்கையே உதவி.

புரச்சரணம் என்ற சொல்லையும் எங்கோ படித்திருக்கிறீர்கள். ஒரு மந்திரத்தைக் குறித்த எண்ணிக்கையில் ஜபித்து நிறைவு செய்வது அது. எழுத்துக்கு ஒரு லட்சம் என்பது பொதுக் கணக்கு. ஆறெழுத்துக்கு 6 லட்சம். அதில் பத்தில் ஒரு பங்கு ஹோமம், அதில் பத்தில் ஒரு பங்கு தர்ப்பணம், பிறகு அதே விகிதத்தில் மார்ஜனமும் (நீர் தெளித்தல்) அன்னதானமும். நாளுக்குப் பத்து மாலை சொன்னாலும் ஜபம் மட்டுமே ஒன்றரை ஆண்டு ஆகும். இது தீட்சை பெற்றவர்கள் சங்கற்பம் செய்து நடத்துவது. இப்போது உங்களுக்கு வேண்டியதில்லை.

மாதவிலக்கு நாட்களைப் பற்றி வீட்டுக்கு வீடு வழக்கம் மாறும். பூசையறைக்குள் போவது, மாலையைத் தொடுவது முதலியவற்றில் உங்கள் வீட்டு முறையை அனுசரியுங்கள். நாமத்தை மனத்தில் சொல்வதற்கு அந்தத் தடை பொருந்தாது. ‘ஹரே ராம’ என்று தொடங்கும் பதினாறு நாமங்களைச் சொல்லும் கலிசந்தரண உபநிஷத்தில், இதற்கு விதி என்ன என்று நாரதர் கேட்க, விதியே இல்லை, சுத்தமாயிருந்தாலும் இல்லாவிட்டாலும் எப்போதும் சொல்லலாம் என்று பிரம்மா விடை சொல்கிறார். அது அந்த நாமங்களைப் பற்றி வந்த பேச்சு என்றாலும், நாம ஜபம் முழுமைக்கும் பெரியவர்கள் அதை எடுத்துக் காட்டியிருக்கிறார்கள். பேருந்தில், சமையற்கட்டில், மருத்துவமனை வாசலில் சொல்வதும் அப்படியே.

கடைசியாக, மாமனார் உங்களைச் சமாச்ரயணம் என்னும் வைணவ தீட்சை செய்துகொள்ளச் சொல்வதாக ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். மற்ற எல்லாவற்றையும்விட நிதானமாக யோசிக்கவேண்டியது இதுதான். தோளில் சங்கு சக்கரப் பொறி, திருமண், தாஸ்ய நாமம், மந்திரம், திருவாராதனம் என்ற ஐந்தும் சேர்ந்த பஞ்ச சம்ஸ்காரம் அது, பெண்களுக்கும் உண்டு. எட்டெழுத்தை முறையாகப் பெற அதுவே வழி. ஆனால் அதோடு நாராயணனையன்றி வேறு தெய்வத்தைப் பற்றுவதில்லை என்ற உறுதியும் வருகிறது. அதை எடுத்துக்கொண்டபின் முருக ஜபத்தையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளலாம் என்று எண்ணிப் போவது ஆசாரியருக்கும் நியாயமில்லை, உங்களுக்கும் நிம்மதி தராது. மாமனார் மனம் நோகாமல் சில காலம் தள்ளிவையுங்கள். வற்புறுத்தல் தொடர்ந்தால் அவருடைய ஆசாரியரையே நேரில் சேவித்து, பிறந்தது முதல் முருகனைப் பற்றியிருக்கும் நிலையை மறைக்காமல் சொல்லி, அவருடைய விடையைக் கேட்டபின் முடிவு செய்யுங்கள்.